துரைசாணியின் மதியத் தூக்கம்

கிள்ளான் பக்கம் பழைய தோட்டத்துரை பங்களா இப்போது ஹோட்டல். செத்துப்போன துரைசாணி, அந்த வெள்ளைக்காரத் துரையின் மனைவி, அங்கே பேயாக உலவுவதாக ஊர்ப்பேச்சு. அங்கே அறை சுத்தம் செய்யும் வசுந்தராவுக்கு, வெயிலுக்கு இதமாக முகமெல்லாம் பெடாக் செஜுக் என்ற வெள்ளை அரிசிமாவை அப்பிக்கொண்டு, காலி மாடியறையில் மத்தியானம் கண்ணயராவிட்டால் உயிரே தங்காது.

ஒருநாள் அதே முகத்தோடு சன்னலைத் திறந்தாள். கீழே நின்ற விருந்தாளி, "துரைசாணி பேய்!" என்று அலறியபடி ஓடினார். மேனேஜர் கிருபானந்தன் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே அறையைப் பூட்ட வந்தார்.

தூக்கம் போச்சே என்று வசுந்தரா குறுக்கே நின்றாள். "பூட்டாதீங்க பாஸ்! துரைசாணி என் கனவுல வந்தா. மத்தியானம் நிம்மதியா தூங்கவிட்டா போதுமாம்லா."

"மெத்தை யார் விரிக்கிறது?"

"உயிரைக் கொடுத்தாவது நான் விரிக்கிறேன்."

மறுநாள் மாலை மேனேஜர் கிசுகிசுத்தார்: "உள்ளே குறட்டை கேட்டுச்சே?"

"நூறு வயசு தாண்டின கிழவிலா பாஸ், களைப்பு இருக்காதா?" என்றாள் வசுந்தரா, காதோரத்து மாவைத் துடைத்தபடி.