கோல் விழுந்ததும் திட்டப் போனேன்

போன வருடம் மே மாதம், மழை பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில், பர்மாவில், யாங்கோன் நகரின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் எங்கள் தெருவில் நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நான் ஒரு மனிதரைக் காப்பாற்றினேன் என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பம்ப் மோட்டார், ஜெனரேட்டர் ரிப்பேர் செய்பவன். எனக்கு வாய் கொஞ்சம் மோசம். மனதில் வந்ததை அப்படியே போட்டு உடைத்துவிடுவேன். எங்கள் பட்டறைக்கு எதிரே ஒரு டீக்கடை. அதிலிருந்து நாலு கடை தள்ளி பாயின் கடை. பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்பார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மனைவி இறந்த பிறகு கடையே கதி என்று இருப்பவர். நானும் அவரும் இருபது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டே பழகுகிறோம். நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு திருப்பிக் கொடுப்பார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

எங்கள் ஊரில் எல்லோரும் இங்கிலாந்துக் கிளப்புகளுக்குத்தான் கத்துவார்கள். நாங்கள் ஏழு பேர் மட்டும் ஓர் இத்தாலியக் கிளப்புக்கு. பெரிய கிளப் எல்லாம் இல்லை. மேல் டிவிஷனுக்கு ஏறும், ஒரே வருடத்தில் இறங்கும். காரணம் பாய்தான். ஒருநாள் பழைய துணி மூட்டையிலிருந்து ஒரு கோடு போட்ட ஜெர்சி வாங்கினார். துணி நன்றாக இருக்கிறதே என்று கடையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது எந்த அணியின் ஜெர்சி என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கிளப் பைத்தியம். எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

போன சீசனில் அந்தக் கிளப் மறுபடி மேல் டிவிஷனுக்கு வந்தது. வந்ததுதான் தெரியும், அடி மேல் அடி. முதல் பத்து ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தார்கள்.

எங்கள் டீக்கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஜெயித்த ஆட்டத்தில் யார் எந்த ஸ்டூலில் இருந்தானோ, அடுத்த ஆட்டத்திலும் அதே ஸ்டூலில்தான் உட்கார வேண்டும். தோற்றால் யாருடைய ராசி கெட்டது என்று பார்த்து இடம் மாற்றுவோம். விளையாட்டாக ஆரம்பித்தது, போகப் போகச் சட்டமாகிவிட்டது. ஜனவரியில் தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றோம். நாலாவது ஆட்டத்தில் பாய் உள்ளே வந்து உட்கார்ந்த அதே நிமிடம் கோல் விழுந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"பாய், நீங்க வந்து குந்துனாலே கோல் விழுது. ஒங்க மூஞ்சிக்கு ராசியே கெடையாது. இனிமே இங்க வராதீங்க, வேற எங்கயாவது போய்ப் பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. திருப்பிச் சொல்லவும் இல்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். சாயங்காலமே போய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் முடிந்திருக்கும். போகவில்லை. எனக்கு அப்படிப் போய்ப் பழக்கமில்லை.

அடுத்த ஆட்டம் ஜெயித்துத் தொலைத்தார்கள். அதற்கடுத்தது டிரா. அப்புறம் இன்னொரு வெற்றி. பாய் வராததால்தான் ஜெயிக்கிறோம் என்று ஏழில் ஆறு பேரும் தீர்மானித்துவிட்டோம். அவர் வழியில் எதிர்ப்பட்டால்கூட, "பாய், டிவி பக்கமே போயிடாதீங்க" என்று ஒருவன் கேலி செய்வான். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். ஃபிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மூன்று மாதமும் இப்படியே போனது.

நான் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை, கடைசிக்கு முந்தின ஆட்டம். ஜெயித்தால் மேல் டிவிஷனில் தங்கலாம். தோற்றால் கதை முடிந்தது. இத்தாலியில் மதியம் ஆடுகிறார்கள், எங்களுக்கு மாலை ஐந்து மணி. மழை கொட்டுகிறது. எங்கள் பகுதிக்கு மின்சாரம் முறை வைத்துத்தான் வரும், அன்று அந்த நேரம் எங்கள் முறை இல்லை. டீக்கடையின் பெரிய ஜெனரேட்டர் நடைபாதையில் தகரக் கூரைக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லோரும் ஜெனரேட்டரை நடைபாதையில்தான் வைப்பார்கள். யார் வீட்டில் டிவி ஓடுகிறது என்று தெருவுக்கே தெரியும்.

இடைவேளைக்குள் எங்கள் ஆட்கள் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். டீக்கடையே ஆடியது. இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எதிரணி ஒன்று போட்டது. அடுத்த நிமிடமே இன்னொரு பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சந்தேகம்.

"பாய் பாக்குறாரு. எங்கயோ ஒளிஞ்சிருந்து பாக்குறாரு" என்றான் பக்கத்து ஸ்டூல்காரன். "போய் நிறுத்தச் சொல்லு. நீதான் அவருக்குப் பயப்பட மாட்டே."

மழையில் எழுந்து போனேன். பாயின் கடை ஷட்டர் தரை வரை இறங்கியிருந்தது. வெளியே பூட்டு இல்லை. நடைபாதையில் அவருடைய சின்ன ஜெனரேட்டர் இல்லை. ஆனால் ஷட்டரில் கை வைத்தால் அதிர்கிறது. உள்ளே ஜெனரேட்டர் ஓடுகிறது, டிவியில் கூட்டம் கத்துகிறது. பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"பாய்! டிவியை நிறுத்துங்க! ஒரு தடவ சொன்னா ஏறாதா? ஒங்களாலதான் கோல் விழுது!"

பதில் இல்லை. ஷட்டரை ஓங்கி உதைத்தேன். இங்கே எழுத முடியாத வார்த்தைகள் இரண்டு சொன்னேன். பதில் இல்லை. அவருடைய அப்பாவை இழுத்துத் திட்டினேன். அதற்கும் பதில் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவைச் சொன்னால் பாய் சும்மா இருக்க மாட்டார். தூக்கத்திலிருந்தாலும் எழுந்து வந்து திட்டுவார். கீழே பார்த்தேன். ஷட்டர் இடுக்கிலிருந்து புகை நாற்றம் வருகிறது. ஜெனரேட்டர் புகை. மூடிய அறையில் அது மனிதனை என்ன செய்யும் என்று இந்தத் தெருவில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்த ஜெனரேட்டருக்கு முந்தின மாதம் பிளக் மாற்றிக் கொடுத்தவனே நான்தான்.

கத்தினேன். டீக்கடையிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். பாய் கடைக்கு அடுத்த டயர்க்கடையிலிருந்து கடப்பாரையை ஒருவன் கொண்டுவந்தான். பூட்டுக்கடைக்காரர் தன் கடைக்கு உள்பக்கம் நல்ல பூட்டாகத்தான் போட்டிருந்தார், லேசில் வரவில்லை. ஒரு பக்கத் தாழ்ப்பாளை நெம்பி, ஒன்றரை அடி தூக்கினோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஊர்ந்தேன். பாய் டிவிக்கு முன்னால் தரையில் சரிந்து கிடந்தார். லுங்கியைப் பிடித்து இழுத்தேன், லுங்கி மட்டும் கையோடு வந்தது. அப்புறம் இரண்டு கையையும் பிடித்து இழுத்து வெளியே தள்ளினேன். அந்தக் கோலத்தில் அவரை நடைபாதையில் மழையில் கிடத்தினோம். டீக்கடைக்காரம்மா தன் துண்டை எடுத்து அவர்மேல் போட்டாள்.

முகத்தில் மழை விழுந்தும் அசைவில்லை. நான் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. திட்டினேனாம், அழுதேனாம். கடைசியில் ஓர் இருமல். பிறகு வாந்தி. என் வாழ்நாளில் ஒருவர் வாந்தி எடுத்ததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

டாக்சியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். வராந்தாவில் சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். பாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மாஸ்க்கை விலக்கினார்.

"ஸ்கோர் என்னப்பா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தச் சீசனில் ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் பார்த்தவன், அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். நர்ஸ் மாஸ்க்கைத் திரும்ப மாட்டினார். சற்று நேரத்தில் டீக்கடைக்காரம்மா பிளாஸ்டிக் பையில் டீ கட்டிக்கொண்டு வந்தாள். மெக்கானிக்குகளை இங்கே சயா என்பார்கள், அப்படித்தான் அவள் என்னைக் கூப்பிடுவாள். "சயா, ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்சாச்சு. கீழ எறங்கல" என்று பர்மிய மொழியில் சொன்னாள். பாய் மாஸ்க்குக்குள் சிரித்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் இறங்கியது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் காத்த நண்பன் என்று பார்க்க வந்தவர்களெல்லாம் என் முதுகில் தட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் போன பிறகு அவரிடம் உள்ளதைச் சொன்னேன்.

"பாய், நான் ஒங்களக் காப்பாத்த வரல. கோல் விழுந்துச்சுன்னு திட்ட வந்தேன்."

"தெரியுமே" என்றார். "சத்தம் கேட்டா ஒங்களுக்குத் தெரிஞ்சுடும்னுதான் ஜெனரேட்டர உள்ள இழுத்து வச்சேன். பின்னாடி சன்னல் தெறந்திருக்கு, போதும்னு நெனச்சேன். செத்த நேரத்துல தல சுத்துது, காலு எந்திரிக்க மாட்டேங்குது. கூப்பிடலாம்னா தொண்டையில சத்தம் வரல. அப்பதான் அவனுங்க கோல் போட்டானுங்க. சரி, இனி இந்தச் சனியன் கதவ ஒதைக்க வந்துருவான்னு நெனச்சேன். அதோட கண்ணு இருட்டிக்கிச்சு."

நான் வருவேன் என்று நம்பியிருக்கிறார். அதுவும் என் நல்ல குணத்தை நம்பி அல்ல. அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பாதி அழுகை. மன்னிப்புக் கேட்டேன். சரியாக வரவில்லை. "அது கெடக்கட்டும், எங்க அத்தாவப் பத்தி என்ன சொன்னே நீ? டயர்க்கடைக்காரன் எல்லாம் சொல்லிட்டான்" என்று ஆரம்பித்தார். அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காதுக்கு இதமாக இருந்தது.

இந்த சீசனில் பாய் என் பக்கத்து ஸ்டூலில்தான் உட்காருகிறார். அணி ஜெயிக்கிறது, தோற்கிறது, எப்போதும்போல. ராசி பார்க்கும் பேச்சை டீக்கடையில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் நான் சும்மா விடமாட்டேன். என் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் யாரையாவது பார்த்து "இங்கே வராதே" என்று சொல்ல வாயெடுக்கும்போது மட்டும், இங்கிருந்து விரட்டினால் அந்த மனிதர் எங்கே போய், எந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார் என்ற கேள்வி என் வாயை அடைத்துவிடுகிறது.