இடது கண் மட்டும்

முதல் வாய் உள்ளே போனதுமே அவருடைய இடது கண் நிறைந்துவிடும். அடுத்த வாய்க்குக் கன்னத்தில் வழியும். வலது கண் தன்பாட்டுக்குச் சும்மா இருக்கும். கட்டி முடியாத மாடியில், வயர்ச் சுருளின் மேல் உட்கார்ந்து சாப்பிடும் இந்த எலக்ட்ரீஷியனுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘அழுமூஞ்சி அண்ணன்’. அப்படிக் கூப்பிட்டாலும், "என்னப்பா?" என்று சாதாரணமாகத் திரும்புவார்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலை, வாய் கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. முகத்தின் இடது பாதி அசையவில்லை. கண்ணை மூட முடியவில்லை. அதில் ஈரமும் இல்லை, மணல் விழுந்ததுபோல் உறுத்தல். "ஏணி மேல நின்னு வேல பாக்கறவனுக்கு ஒரு கண்ணு போனா பொழப்பே போச்சுங்க." மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டதும், படுக்கும் முன் இமையை இழுத்துப் பிளாஸ்திரி ஒட்டியதும் மனைவிதான்.

ஐந்தாம் மாதம், ஆரஞ்சுச் சுளை ஒன்றை மென்றுகொண்டிருந்தபோது அந்தக் கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. "இருங்க, தொடைக்காதீங்க" என்றார் மனைவி. அது மோவாயைத் தொடும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு மனைவி அவருக்கும் சேர்த்து அழுது தீர்த்தார்.

நரம்பு திரும்ப வளரும்போது, எச்சில் சுரப்பிக்குப் போகவேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். நாக்கில் ருசி பட்டால் கண் சுரக்கும்.

"ராங் கனெக்‌ஷன்னு சொல்லுங்க."

ஓர் ஊசி போட்டால் சில மாதங்களுக்கு நிற்கும் என்றதற்கு, "வேணாம் சார். வழி தவறினாலும் வந்து சேந்துச்சே, அது போதும்" என்று எழுந்து வந்துவிட்டார்.

போன மாதம் மகளுக்குக் கல்யாணமாயிற்று. மறுவாரம் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். வழக்கம்போல் வழிந்தது. பரிமாறிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"பொண்ண நெனச்சுக் கலங்காதீங்கண்ணே. எம்புள்ளைக்கு ஒண்ணுன்னா எப்படித் துடிப்பேனோ, அப்படித்தான் இவளுக்கும்" என்றார்.

"அத்தே, அது வந்து..." என்று நரம்புக் கதையை எடுத்த மகளைப் பார்வையாலேயே நிறுத்தினார் அப்பா. எந்தத் தகப்பனும் வாய்விட்டுக் கேட்க முடியாத வார்த்தை, கேட்காமலே வந்திருந்தது. கன்னத்தைத் துடைக்காமல், தட்டை இரண்டு கைகளாலும் எடுத்து அந்த அம்மாளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."