சத்து மாத்திரை பாட்டில்

காலை பத்து நாற்பதுக்கு என் மகளின் கை ஆடத் தொடங்கியது. மரக்காணம் உப்பளத்தில் மூட்டைகள் ஏற்றுவதை மேற்பார்வையிடும் வேலை அவளுக்கு. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு விடுமுறை என்பதால் அன்று நானே சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மூட்டைமேல் பெயர் எழுதிக்கொண்டிருந்தவளின் தூரிகை தாறுமாறாக ஓடியது. உடை நனைய வியர்த்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. “வெயிலு டீச்சர், மோர் குடுங்க, சரியாப்பூடும்” என்றாள் அங்கே வேலை செய்த ஒரு பெண். உப்பளத்தில் யாருக்கு எது வந்தாலும் பழி வெயிலுக்குத்தான். நானும் மோர் கொடுத்து அரை மணி நேரத்தை வீணாக்கினேன். அவள் பையில் ‘சத்து மாத்திரை’ என்று அச்சிட்ட பாட்டில் ஒன்று இருந்தது.

அதற்குள் இருந்தது சத்து மாத்திரை அல்ல. அவள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பிறகு இரண்டு வருடமாக விடாத நரம்பு வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது; மனச்சோர்வுக்கும் அதையே கொடுப்பார்கள். கிளியனூரில் அவளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். பெண்ணுக்கு மனசு சரியில்லை என்று யாராவது கிளப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், அட்டையிலிருந்து பிரித்துப் பழைய பாட்டிலில் போட்டவள் நான்தான். உப்பளத்தில் கை ஆடியதற்கு முந்தைய நாள் மாலை வலி அதிகமாகி வேறொரு டாக்டரிடம் போனோம். “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?” என்று அவர் சரியாகத்தான் கேட்டார். மகள் வாய் திறப்பதற்குள் “சத்து மாத்திரை மட்டும்தான் சார்” என்றேன். கடுமையான வலி மாத்திரை ஒன்றை எழுதினார். இரவு ஒன்று, காலையில் ஒன்று போட்டுக்கொண்டாள்.

மோரில் சரியாகாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று அங்கே நர்ஸ் சிஸ்டர் ஒருவர் கேட்டபோதும் பாட்டிலைத்தான் நீட்டினேன். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். “பாட்டில் மேல என்னா எழுதியிருக்குன்னு கேக்கலம்மா. உள்ள என்னா இருக்குது?”

சொல்லிவிட்டேன். அவர் ஓடினார். இரண்டு மாத்திரைகளையும் டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார்; ஊசி போட்டார்கள், டிரிப் ஏறியது. தனித்தனியே நல்ல மருந்துகள்தாம், சேர்ந்தால் உடம்பையே தூக்கியடிக்கும் என்றார். மறுநாள் காலை மகள் டீ கேட்டாள். டம்ளரை அவளே பிடித்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வார்டே திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்தேன், அழுதேன்.

சிஸ்டர் அவளையே ஒரு பட்டியல் எழுத வைத்தார். வலி மாத்திரை, இருமல் மருந்து, நாட்டு மருந்து, ஒன்றையும் விடக் கூடாது. “எந்த டாக்டர்ட்ட போனாலும், எந்தக் கடைல வாங்கினாலும், மொதல்ல இத நீட்டு. நீயா எதையும் சேக்காத, நீயா எதையும் நிறுத்தாத. உங்கம்மாவ பேச விடாத.” கடைசி வார்த்தைக்கு மகள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அந்தப் பட்டியல் இன்று எங்கள் சமையலறைக் கதவில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி ஒட்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா கிளியனூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். கட்டிலருகே பாட்டிலும் பட்டியலும் கிடந்தன. என் கை தானாகப் பாட்டிலை மறைக்கப் போனது. மகள் அதைத் தட்டிவிட்டாள்.

“அது சத்து மாத்திர இல்ல அத்த. நரம்பு வலிக்குச் சாப்பிடறது. மனச்சோர்வுக்கும் அதான் குடுப்பாங்க. டாக்டர் கேட்டப்ப அம்மாதான் மாத்திச் சொல்லிட்டாங்க.”

அவர் பட்டியலை எடுத்து, கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து, வரி வரியாகப் படித்தார்.

“இதுல எனக்கொண்ணு எழுதிக் குடும்மா” என்றார். “நாளைக்கு நம்ம வூட்டுல இருக்கறப்போ டாக்டர் கேட்டா, உங்கம்மா மாதிரி நானும் முழிக்கக் கூடாதுல்ல?”