சாணிக்கு மதிப்பு வந்த கதை

சாணியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்வதுதான் என் உத்தியோகம். அரசாங்கத் திட்டம் ஒன்றை மேடையேறிப் புகழ்ந்துவிட்டு, அதே ஊரில் பஸ்ஸுக்குக் காத்து நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் இனம். திருப்பதியில் எம்.ஏ. முடித்த கையோடு, எண்பதுகளில், இதில் மாட்டினேன்.

விதி

சித்தூர் ஜில்லாவில், பாலசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஊருக்குள் கரண்ட் உண்டு, காலனிக்குக் கிடையாது. சாண எரிவாயுவில் இன்ஜின் ஓட்டி விளக்குப் போட மானியம் தருகிறார்கள் என்றதும் காலனிக்குத்தான் என்று துள்ளினேன். ஆனால் மாடு வைத்திருப்பவர்கள்தான் மனுப் போடலாமாம். காலனியில் மாடு ஏது? "இருட்டில் இருப்பவர்களுக்குத்தானே சார் விளக்கு?" என்று சித்தூர் ஆபீசில் வாதாடினேன். அதிகாரி சிரித்தார். அவர் தெலுங்கில் நான் 'அம்மாயி', அதாவது சின்னப் பெண்.

"இருட்டைப் போட்டா இன்ஜின் ஓடுமா அம்மாயி? சாணி போடணும்."

மைக்

பஞ்சாயத்துத் தலைவரான ஊர் சர்பஞ்சு மனுப் போட்டார். காலனிக்கும் விளக்குத் தருவதாக வாக்களித்தார், நம்பினேன். கூட்டத்தில் அதிகாரி மைக்கைப் பிடித்து, "சாணி குப்பையல்ல, கரண்ட்! ஒரு கைப்பிடி கூட வெளியே விடாதீர்கள்!" என்று முழங்கினார். ஒரே கைதட்டல்.

அந்த ஊரில் மாட்டுக் கொட்டகை கூட்டுகிற காலனிப் பெண்களுக்குக் கஞ்சியும் சாணியும்தான் கூலி. அதை வறட்டி தட்டித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். சர்பஞ்சு வீட்டுக் கொட்டகை கூட்டும் எஸ்தர் என் காதருகே குனிந்தாள்.

"இன்னாமா, எங்க கூலியப் போயி மைக்குல கேட்டுக்கினு கீறாரு?"

மோர்

எரிவாயுத் தொட்டி கட்டி முடிந்ததும் சாணி மொத்தமும் அதற்குள் போயிற்று. எஸ்தரின் கூடை காலி. சாணியை நிறுத்தினால் காசாகக் கூலி கொடுங்கள் என்று சர்பஞ்சு வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன். மனுஷர் மோர் கொடுத்து உபசரித்தார்.

"கரண்டே குடுக்கப் போறோம், அதுக்கு மேல கூலி வேறயாம்மா?"

திறப்பு விழா

இன்ஜின் ஓடியது. கோயில் தெருவில், இருந்த விளக்குகளுக்கு நடுவே புது விளக்குகள் எரிந்தன. அதோடு கம்பி தீர்ந்துவிட்டதாம். காலனி இரண்டாம் கட்டமாம். இரண்டாம் கட்டம் எப்போது என்று கேட்டேன். அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

காலனிக்குப் போனேன். எஸ்தர் ஏரிக்கரையிலிருந்து வெட்டிவந்த பச்சை முள்ளை அடுப்பில் வைத்து ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் புகை, உலை கொதிக்கவில்லை. எப்படியும் விளக்குக்காக மேலிடத்துக்கு எழுதிப் போராடுகிறேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"லைட்டு வராட்டி போவுதும்மா. அந்தச் சாணிய மட்டும் திருப்பி வாங்கிக் குடு."

இருட்டில் கிடந்த வீடுகளின் அடுப்பையும் அணைத்து, வெளிச்சமான தெருவுக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கொடுப்பதற்குத்தான் நான் எம்.ஏ. வரை படித்தேன் போலிருக்கிறது.