ஸ்டான்லி சாரை இழுத்து நான் திறந்த வழி

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாறசாலையில் மாடி வீடு கட்டினேன். கிணற்றுப் பணிக்கு மோட்டார் வின்ச்சை இந்தப் பக்கத்தில் முதலில் இறக்கியது நான். நெய்யாற்றின்கரை வரை நான் தோண்டிய கிணறு ஒன்றுகூட வற்றியதில்லை. வற்றியவை மற்றவர்கள் தோண்டியவை. இந்தக் கணக்கில் மேகாலயாவின் ஒரு குகைவழியையும் சேர்க்க வேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

தனுவச்சபுரத்தில் கல்லூரி ஆசிரியரான ஸ்டான்லி சார், லீவு கிடைத்தால் குகை இறங்கப் போவார். கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். அது சுண்ணாம்புக்கல் குகை. தண்ணீர் கல்லைக் கரைத்துக் கரைத்துக் கிணறு போல ஆழமாக இறக்கியிருந்தது. தண்ணீர் கூலி வாங்காமல் செய்த வேலை என்பதால் வட்டம் சரியில்லை. அடியில் சேறு அடைத்து வழி முடிந்துவிட்டது. புதுவழி கிடைக்காவிட்டால் சார் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அன்று கடைசி நாள்.

சார் பாதிக் குழியில் தொங்கி அளவெடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பாதுகாப்புக் கயிறு மேலே என் கையில். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கீழே இருப்பவன் பாடியோ இருமியோ சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் விஷவாயு. மேலே நிற்பவன் யோசிக்காமல் இழுக்க வேண்டும்.

"சாறே, உண்டா?" என்றேன். பதில் இல்லை.

"சாறே! ஒரு பாட்டாவது பாடும்!" அதற்கும் பதில் இல்லை.

"வலிலே மக்கா!" என்று கத்தினேன். என்னோடு கயிறு பிடித்த அந்த ஊர் ஆட்கள் நாலு பேருக்கும் தமிழ் தெரியாது; ஆனாலும் இழுக்கச் சொல்கிறேன் என்று புரிந்தது.

இழுத்த இழுப்பில் சார் பம்பரமாய்ச் சுற்றி, சுவரில் மோதி, ஒரு கல்மடிப்புக்குப் பின்னால் இடுப்புவரை சொருகிக்கொண்டார்.

"நிறுத்தும் ஓய்! கொல்லப் பாக்கீரா? வாயில பென்சில் இருந்துதாக்கும், எப்படி வாயத் தொறந்து மிண்ட?"

"பென்சில கடிக்கதுக்கு இது என்ன ஸ்கூலா சாறே?"

மறுபடியும் கீழே சத்தமில்லை. மறுபடியும் கயிற்றைப் பிடித்தேன்.

"வலிக்காதீரும்! இந்த இடுக்கில காத்து அடிக்குது. உள்ள வழி உண்டு!"

அன்றே சாரும் ஆட்களும் உள்ளே போனார்கள். பாறசாலை ஸ்டேஷன் பிளாட்பாரத்தையே கொண்டுபோய் வைக்கலாம், அவ்வளவு பெரிய கூடம். ஊர் வந்து அந்தக் குகையின் மேப்பைக் கம்ப்யூட்டரில் பார்த்தால், 'அளவெடுக்கையில் ஸ்டான்லி கண்டது' என்று போட்டிருக்கிறது. நேராகச் சாரிடமே போய்க் கேட்டேன்.

"பாலராமபுரம் வேட்டி ஒண்ணு எடுத்துத் தாறேன், விடும்" என்றார்.

"வேட்டி கிழியும் சாறே. மேப்பு கம்ப்யூட்டர்ல கெடக்கும்."

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கீழே சத்தம் நின்றால் இழுங்கள். திட்டு விழுந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

மேப் வரைந்தவர்களுக்கும் சொல்கிறேன். அந்த வழியின்மேல் 'பாறசாலை செல்லையன்' என்று என் பெயரை எழுத வேண்டும். இடமில்லை என்று சொல்ல வேண்டாம். நான் பார்த்துவிட்டேன். ஸ்டான்லி சாரின் பெயரைக் கொஞ்சம் சின்னதாக்கினால் தாராளமாக இடம் இருக்கிறது.