இரண்டு சுரத்தில் கேட்ட தண்ணீர்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீடு திரும்பியபோது என் கணவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், தோள் வலித்தாலும் அதான், மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாலும் அதான். வலது கையும் காலும் பாதி விழுந்துவிட்டன. நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்கு நன்றாகப் புரிந்தது, அதுதான் பெரிய கொடுமை. முகத்தில் ஒரு முழு வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். வாயைத் திறந்தால் அதான் என்று விழும். நான் தண்ணீர் கொண்டுபோனால் இல்லை என்று தலையாட்டுவார். போர்வை கொண்டுபோனாலும் தலையாட்டுவார். கடைசியில் இருவருக்கும் கோபம் வந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

வங்கியில் எனக்கிருந்த விடுப்பெல்லாம் கரைந்துகொண்டிருந்தது. பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜனம் முடிந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிட வேண்டும். பகலில் அவரைக் கவனித்துக்கொள்ள நாங்கள் குடியிருக்கும் ஹடப்சர் பகுதியிலேயே ஒரு மராத்திப் பெண்மணியை அமர்த்தினோம். இங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல நாங்களும் அவரை மாவ்ஷி என்றே கூப்பிட்டோம், நம் ஊர்ச் சித்திதான். கை சுத்தம், வாய் சுத்தம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு அதானை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடியும்? நாளைக்கு நெஞ்சு வலித்தாலும் அதான்தானே வரும்? என் கணவர் நாலு வார்த்தையாவது சொல்லாமல் நான் வாசலைத் தாண்டுவது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாட்களில் எனக்கிருந்தது வெறும் உடம்பு அசதி என்று சொல்ல முடியாது. பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டு, இதை எதற்கு எடுத்தோம் என்று கண்ணாடி முன்னால் நிற்பேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது. யாராவது "எப்படி இருக்கார்?" என்று போனில் கேட்டால், பதில் சொல்லும்போதே பாதியில் வாக்கியம் அலுத்துவிடும்.

கராடியில் வேலை பார்க்கும் என் மகள்தான் ஆரம்பித்தாள். "அம்மா, மியூசிக் தெரபின்னு ஒண்ணு இருக்கு. டாக்டரே சொன்னாங்க. ஏக் பார், ஒரு தடவை ட்ரை பண்ணலாம் நா?"

"பாட்டுல சீக்கு போகும்னா எங்க வீட்டுல ஒருத்தருக்கும் சளிகூட புடிச்சிருக்காது, போ" என்றேன்.

பிறந்த வீட்டில் நாங்கள் எல்லோருமே பாடுகிறவர்கள். மற்ற வீடுகளில் கணக்கு எப்படியோ, எங்கள் வீட்டில் சங்கீதம் அப்படி. சுருதி விலகினால் தொடையில் ஒரு கிள்ளு விழும். பெண் பார்க்க வந்த அன்று நான் பாடிய வர்ணத்தை என் கணவர் கேட்டுவிட்டு, ஏதோ பரீட்சை அறையில் உட்கார்ந்திருப்பவர்போல வேர்த்துப்போனார். அவருக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான புதிதில் குளியலறையில் ஏதோ முனகுவார். என் அண்ணன்மார் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்ததில் அந்த முனகலும் நின்றுபோனது. இந்த மனிதருக்குப் பாட்டு வைத்தியமாம்.

மகள் ஏற்பாடு செய்து வந்த தெரபிப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஊரின் மறுகோடியில் இருக்கும் ஔந்திலிருந்து ஸ்கூட்டரில், முதுகில் ஒரு சின்ன கீபோர்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். இந்தியில் என்னிடம் நிதானமாக விளக்கினாள். பேச்சை நடத்துகிற இடது பக்க மூளையில்தான் அடி. பாட்டு என்று வந்தால் வலது பக்கமும் கைகொடுக்கும். "முன்வாசல் பூட்டியிருக்கு ஆண்ட்டி. பின்வாசலைத் தட்டிப் பார்க்கிறோம். திறக்கும்னு நான் சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

அவருக்குத் தெரிந்த பாட்டு ஏதாவது உண்டா என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் ஒரு கீதத்தைச் சொன்னேன். எங்கள் மகள் அதைப் படித்தபோது வருஷக்கணக்கில் இந்த வீட்டின் காதில் விழுந்த பாட்டு அது. அந்தப் பெண் அதைக் கீபோர்டில் தடவித் தடவி வாசித்தாள். நான் பாடினேன். என் கணவர் வாயைத் திறந்தார். அதான் வரவில்லை. வேறு ஏதோ ஒரு சத்தம், நீளமாக, ஒரு சொல்லின் முதல் எழுத்தோடு வந்தது.

"அது மேல போகணும். காந்தாரம்" என்றேன் நான்.

வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த முறையும் அதேதான். அந்தப் பெண் அவருடைய இடது கையைப் பிடித்து மேசைமேல் மெல்லத் தட்ட வைத்தாள். தாளம் ஆதியிலும் சேராமல் ரூபகத்திலும் சேராமல் ஓடியது. என் கை தானாகவே எழுந்து தொடையில் சரியான தாளத்தைப் போட்டது. அவர் என் கையைப் பார்த்தார். தன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். பேச முடியாத ஒரு மனிதர் ஒரு சத்தத்தை வெளியே தள்ளப் படாதபாடு படும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சுரம் பார்ப்பது எங்கள் குடும்பத்தாரால் மட்டுமே முடியும்.

"ஆண்ட்டி, நீங்க கிச்சன்ல இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். என் வீட்டில் என்னையே அடுப்படிக்கு அனுப்புகிறாள் என்று எனக்கு உச்சந்தலை காய்ந்தது. கீரையை ஆய்ந்தபடி உள்ளிருந்து கேட்டேன். அவள் பாடியது பாட்டே இல்லை. கீழே ஒன்று, மேலே ஒன்று, மொத்தமே இரண்டு சுரம். "பா...ணி. பா...ணி." மராத்தியில் தண்ணீர். ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் கையால் ஒரு தட்டு. தெருவில் காய் விற்றுக்கொண்டு போகிறவர் இதைவிட நன்றாகப் பாடுவார்.

வெளியே வந்து கேட்டேன். "தமிழ்ல 'தண்ணி'ன்னு சொல்லிக்குடுக்கக் கூடாதா? அவர் தாய்மொழி அதுதானே?"

"பகல்ல அவர் கூட யார் இருக்கப் போறாங்க?" என்று திருப்பிக் கேட்டாள்.

மாவ்ஷி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கீரைக்குத் திரும்பினேன்.

அது ஆவணி மாதம். விசர்ஜன ஊர்வலத்துக்காக இளைஞர்கள் பக்கத்து மைதானத்தில் தினமும் சாயங்காலம் டோல் மேளம் அடித்துப் பழகுவார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும். எனக்கு அந்தச் சத்தத்தில் மண்டையே பிளக்கும். ஒரு நாள் ஜன்னலைச் சாத்தப் போனபோது அவர் இடது கை கட்டிலின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு அடி பிசகவில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஒவ்வொரு வருஷமும் கம்பெனிப் பிள்ளையாருக்கு முன்னால் அந்த மராத்திக்காரர்களோடு ஆடிவிட்டு, தலையெல்லாம் சிவப்புக் குலால் பொடியோடு வருவார். நான் சட்டையைத் தனியாக ஊறவைப்பேன். அந்தத் தாளத்தை நான் சங்கீதமாக எண்ணியதே இல்லை.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அடுத்த வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். வெளியே டோல், உள்ளே இரண்டு சுரம். "பா...ணி. த்...யா." தண்ணீர் கொடுங்கள். "துக்...தய்." வலிக்கிறது. "ந...கோ." வேண்டாம். அவள் கூடப் பாடுவாள், பாதியில் நிறுத்துவாள், மிச்சத்தை அவர் முடிக்க வேண்டும். பல நாட்கள் முடிக்கவில்லை. சில நாட்கள் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார். வந்ததெல்லாம் போனதுபோலத் திரும்பவும் அதான் மட்டும் மிஞ்சும் நாட்களும் உண்டு.

பிறகு ஒரு மத்தியானம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது மாவ்ஷி கதவைத் தட்டினார். "தாயி, சாஹேபான்னி பாணி மாகித்லம்!" சார் தண்ணீர் கேட்டாராம். ஈரத் தலையோடு ஓடினேன். என் கணவர் கையில் டம்ளர் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. மாவ்ஷியின் கண்ணில் நீர். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கடியில் சின்னதாக ஒன்று குத்தியது. இவ்வளவு நாள் கழித்து வந்த முதல் சொல் எனக்கு வரவில்லை. வேறொரு மொழியில் வேறொருவருக்குப் போய்விட்டது. ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூடப் பொறாமைப்படும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அன்று வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் கிளம்பாமல் என் எதிரில் உட்கார்ந்தாள். "நீங்க கடைசியா எப்போ பாடினீங்க ஆண்ட்டி?"

"பாடுறதுக்கு எங்க நேரம்?" என்று சிடுசிடுத்தேன்.

அவள் கீபோர்டில் ஒரே ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தாள். பாட வேண்டாம், வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று மட்டும் அதோடு சேர்ந்திருங்கள் என்றாள். என் குரல் துருப்பிடித்துக் கிடந்தது. மூச்சு இழுத்து விட்டதில் தோளெல்லாம் தானாகக் கீழே இறங்கியது. எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை. முழித்தபோது அவள் போயிருந்தாள். மாவ்ஷி என் மேல் ஒரு துப்பட்டாவைப் போர்த்தியிருந்தார். உட்கார்ந்தபடியே தூங்கியதில் கழுத்து பிடித்துக்கொண்டது.

வீட்டிலும் தினம் பயிற்சி செய்ய வேண்டும் என்று எனக்குத் தமிழ்ச் சொற்களை ஒதுக்கிக் கொடுத்திருந்தாள். தண்ணி, வலி, போதும். திருத்தக் கூடாது, இதுதான் நிபந்தனை. நாக்கைக் கடித்துக்கொண்டு செய்தேன். மாவ்ஷியிடம் நாலைந்து மராத்திச் சொற்கள் சொல்ல ஆரம்பித்துவிட்ட மனிதர், என்னிடம் மட்டும் அதானிலேயே நின்றார்.

விசர்ஜனம் முடிந்தது. மறுநாள் நான் வேலைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாவ்ஷிக்கு விடுமுறை. சாப்பாடு கொடுத்து, துடைத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்தேன். பாத்திரம் கழுவவில்லை, புடவை இஸ்திரி போடவில்லை. ஆனாலும் பயிற்சியை விடக்கூடாது என்று ஒரு வெறி. "தண்...ணி. சொல்லுங்க. தண்...ணி."

"அதான்."

"அதான் இல்லங்க. தண்...ணி."

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். அந்தக் கையை என் கைமேல் வைத்தார். கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. உதடு கோணி, கழுத்து நரம்பு புடைக்க, அந்த இரண்டு சுரத்தில் வந்தது.

"தூங்...கு."

"தூக்கம் வருதா? படுக்கீங்களா?" என்று தலையணையைச் சரிசெய்யப் போனேன்.

"நகோ!" என்று அதட்டினார். மறுபடி என் கையைப் பிடித்து இழுத்தார். கட்டிலில் தன் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைத் தட்டினார். "தூங்...கு. தூங்...கு."

அந்தச் சொல்லை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பெண் கொடுத்த சொற்களில் அது இல்லை. நான் ஒரு நாளும் அவர் கையில் அதைத் தட்டியதில்லை. தண்ணீரும் போர்வையுமாக நான் மாற்றி மாற்றி நீட்டிய அத்தனை அதான்களில் எத்தனை இதுவாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது, அழுதேன். பிறகு பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் படுத்து, விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினேன்.