தோலுக்குக் கீழே பார்த்த காதர் டாக்டர்

காதர் டாக்டரின் கம்பவுண்டரிடமிருந்து போன் வந்தபோது ஒரு கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தேன். "டாக்டர் மௌத்தாயிட்டாருங்க" என்றார். சாவுச் செய்திக்குச் சரி என்று மட்டும் சொல்லி ரிசீவரை வைத்துவிட்டு, குழந்தையின் தலையை அளந்து முடித்தேன். அடுத்தவரையும் உள்ளே கூப்பிட்டேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

ஓசூரில் தோல் வியாதி கண்டவர்கள் அத்தனை பேருக்கும் காதர் டாக்டரைத் தெரியும். ஸ்கேன் என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கும் கல்லடைப்புக்கும்தான் என்றிருந்த நாளில், சொரியாசிஸ் வந்த முழங்கைகளை என்னிடம் அனுப்பியவர் அவர். தோலைப் பார்க்கக் கண் போதாதா என்று கிண்டல் செய்தேன். "என் கண்ணுக்கு ஆசை இருக்குங்க. ஆறிடுச்சுன்னுதான் அது பாக்கும். உங்க மெஷினுக்கு அந்த ஆசை கெடையாது" என்றார்.

எங்கள் மெஷினுக்குத் தோல் மாதிரி அவ்வளவு மேலே இருப்பது சரியாகத் தெரியாது. ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு, முழங்கை மேல் வைத்து, அதன் வழியாகப் பார்க்கச் சொன்னார். தடித்த இடத்தில் மேல்தோலுக்கு அடியில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். அழற்சி வற்ற வற்ற அது மெலியும்.

அப்படி முதலில் வந்தவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து முனிராஜ், லேத் ஓட்டுபவர். ஸ்கேன் என்றதும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்துகொண்டு நின்றார். "ஒண்ணுக்கு அடக்கிக்கினு வந்திருக்கறன் சார், சீக்கிரம் பாத்துருங்க." முழங்கைக்கு அது வேண்டாம் என்று சொல்வதற்குள் கூட வந்திருந்த டாக்டர் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்.

முனிராஜ் சிரிக்கும் நிலையில் இல்லை. ஒட்டுவாரொட்டி என்று சொல்லி கம்பெனியில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முழுக்கக் குணம் என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் வேலை.

சில மாத மருந்தில் கை வழுவழுவென்று ஆகிவிட்டது. நானும் குணம் என்றே நினைத்தேன். திரையில் பட்டை மெலிந்திருந்தது, மறையவில்லை.

"எழுதிக் குடுத்துடுங்க சார். வெளிய ஒண்ணுமே தெரியலயே. உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறாங்க?"

"நானும் இவரும் பாத்துட்டமே, முனிராஜ்."

முனிராஜ் முகம் கொடுக்காமல் வெளியே போனார். இது ஒட்டாது, இன்னும் முழுக்க ஆறவில்லை, எண்ணெய் படாத வேலை தர வேண்டும் என்று டாக்டர் எழுதினார். அதோடு அவரே கம்பெனிக்கும் போய் உட்கார்ந்தார். என்ன பேசினாரோ, முனிராஜை ஸ்டோர்ஸில் போட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வார்த்தை மாற்றி எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு அவர் மேல் வருத்தம்தான். அடுத்த குளிரில் தடிப்பு திரும்பி வந்தது. கம்பெனிக்கு அது முன்பே தெரிந்த விஷயம் என்பதால் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்று டாக்டரின் உடலைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுக்க வந்தவர்களில் முனிராஜும் இருந்தார். அரைக்கைச் சட்டை, முழங்கையில் தடிப்பு. பக்கத்தில் தூக்கி வந்தவர்கள் யாரும் விலகவில்லை.

மேலாகப் பார்த்து எதையும் சொல்லிவிடாத அந்தக் குணத்தைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். நேற்றிலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறேன். அவர் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.